காட்டிக்கொடுத்தவளின் பள்ளிக்கூடம்

இந்த இதழின் முதல் பக்கங்களை ஒரு வீடியோ கேமுக்குக் கொடுக்கிறோம். தைவானில் ரெட் கேண்டில் கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கி 2017 ஜனவரியில் வெளியிட்ட 'டிடென்ஷன்' அது. பேய் விளையாட்டு. ஆடுபவர் கையில் ஆயுதம் கிடையாது, எதிரியைக் கொல்ல வழி கிடையாது, பிழைத்துக் கிடப்பதே வேலை. ஆனால் அதன் கதை, தடைசெய்யப்பட்ட புத்தகங்களை ஒளித்துவைத்துப் படித்த ஒரு பள்ளி வாசிப்பு வட்டத்தையும் அது அழிந்த விதத்தையும் பற்றியது. நாலு பேர் கூடி ஒரு புத்தகத்தைப் பேசுவதை வாழ்வின் பெரிய காரியமாக நினைப்பவர்கள் நாம். நமக்கு இதைவிட நெருக்கமான விஷயம் அதிகம் இல்லை.

கதை நடப்பது 1960களின் தைவானில். அங்கே 1949 மே மாதம் வந்த ராணுவச் சட்டம் 1987 ஜூலையில்தான் விலக்கப்பட்டது. இடைப்பட்ட 38 ஆண்டுகளில் சுமார் 1,40,000 பேர் சிறைப்பட்டார்கள், மூவாயிரம் முதல் நாலாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எழுத்தாளர் சென் யிங்-ஜென் 1968இல் கைதானார். நண்பர்களோடு சேர்ந்து மார்க்ஸையும் சீன எழுத்தாளர் லூ சுன்னையும் படித்ததுதான் குற்றம். தண்டனை பத்து ஆண்டு. அதே ஆண்டு போ யாங் என்ற எழுத்தாளரையும் பிடித்தார்கள். தீவு ஒன்றில் இறங்கிய கார்ட்டூன் மாலுமி பாப்பாயும் அவனுடைய பையனும் அதை ஆள்வது பற்றிப் பேசிக்கொள்ளும் ஒரு படக்கதையை அவர் மொழிபெயர்த்திருந்தார். அப்போது தைவானை ஆண்ட சியாங் கை-ஷேக்கையும் அவர் மகனையும் கிண்டல் செய்ததாக அதைப் படித்தது அரசு. போ யாங் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார்.

விளையாட்டில் வரும் பள்ளி கற்பனை. என்றாலும் அதற்கு நிழல் தந்த நிஜங்கள் உண்டு. 1949இல் கீலுங் நகரத்து உயர்நிலைப் பள்ளியில் ஒரு தலைமறைவுப் பத்திரிகை பிடிபட்டது. தலைமையாசிரியர் சுங் ஹாவ்-துங் அடுத்த ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பத்திரிகைக்காக உயிர் போன ஊர் அது என்பதைப் பத்திரிகை நடத்துகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சரித்திரத்தை விளையாட்டு பாடமாக ஒப்பிப்பதில்லை. புயல் எச்சரிக்கை எழுதிய கரும்பலகை, ஆளில்லாத வகுப்பறை, தூங்கி விழித்த வெய் என்ற மாணவன் என்று தொடங்குகிறது. அரங்கத்து மேடையில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கும் மூத்த மாணவி ஃபாங் ரே-ஷின்னை அவன் சந்திக்கிறான். வெளியேறும் பாதை அடைபட்டிருக்கிறது. சற்று நேரத்தில் வெய் மறைந்துபோக, நாம் நடத்திச் செல்லும் ஆள் ரே என்றாகிறது. நிறம் வெளுத்த பழைய புகைப்படம்போன்ற பள்ளிக்கூடம். பூசை அறை, பொம்மலாட்டம், குறி கேட்க உருட்டும் பிறைக்கட்டைகள் என எல்லாம் தைவான் மண்ணின் சாமான்கள். இரவல் வாங்கிய பேய் ஒன்றுகூட இல்லை.

பேய் எதிரே வரும்போது என்ன செய்வது? மூச்சை அடக்க வேண்டும். சுட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ரே மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அப்படியே ஓரடி ஓரடியாகப் பேயைக் கடந்து போகலாம். ஆனால் நெடுநேரம் தாங்காது. செத்தவரின் காலடியில் கிண்ணச் சோறு வைப்பது அந்த ஊர் வழக்கம். அந்தச் சோற்றைப் படையலாகத் தரையில் வைத்தால் பேய் குனிந்து தின்னத் தொடங்கும், அந்த இடைவெளியில் நழுவிப் போகலாம். விளக்கேந்திய நெட்டைப் பேய் ஒன்று வரும். அதற்கு முகத்தைக் காட்டக் கூடாது. திரும்பி நின்று, மூச்சடக்கி, அது போகும்வரை காத்திருக்க வேண்டும். பார்க்காதே, மூச்சு விடாதே, இருப்பதாகவே காட்டிக்கொள்ளாதே. ராணுவச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த ஒரு தலைமுறை கற்றுக்கொண்ட நடத்தை இதுதான். அதை விளையாட்டு வாக்கியமாகச் சொல்லவில்லை. விரலுக்குப் பழக்கிவிட்டது.

பாதிக்குமேல் பேய்கள் அநேகமாக வருவதே இல்லை. பயமுறுத்தல் குறைந்துவிட்டது என்று இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. எங்கள் பார்வையில் இந்த ஆக்கத்தின் துணிச்சலே அங்கேதான் இருக்கிறது. பேய்கள் விலகியபின் மிஞ்சுவது ரேயின் நினைவுகள். அடிக்கும் அப்பா, நொந்துபோன அம்மா, ஆறுதலாகப் பேசும் ஆசிரியர் சாங். ரே அவர்மேல் காதல் கொள்கிறாள். சாங்கும் யின் என்ற ஆசிரியையும்தான் ரகசிய வாசிப்பு வட்டத்தை நடத்துகிறார்கள். சாங் விலகிப்போகும்போது, அதற்கு யின்தான் காரணம் என்று ரே நினைக்கிறாள். வட்டத்தில் இருக்கும் வெய்யிடமிருந்து புத்தகப் பட்டியலை வாங்கி, பள்ளியிலேயே பணியில் இருக்கும் ராணுவப் பயிற்றுநரிடம் கொடுத்துவிடுகிறாள். சாங் கொல்லப்படுகிறார். வெய் சிறைக்குப் போகிறான். யின் வெளிநாட்டுக்குத் தப்புகிறார். ரே பள்ளி மாடியிலிருந்து குதித்து உயிரை விடுகிறாள். இத்தனை நேரமும் நாம் காப்பாற்றப் பாடுபட்டது செத்துப்போன ஒரு பெண்ணை. அந்தப் பள்ளி முழுக்க அலையும் பேய்களில் பலதும் அவளால் வந்தவை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. ஓர் அரசு செய்த கொலைகளைப் பருவப் பெண்ணின் பொறாமைமேல் ஏற்றிவிட்டார்களே, சரித்திரம் காதல் கதையாகச் சுருங்கிவிட்டதே என்று கேட்கலாம். நாங்களும் இதை விவாதித்தோம். எங்கள் பதில் இது. பொறாமை எந்த ஊரிலும் உண்டு. வேறொரு நாட்டில் ரேயின் பொறாமை ஒரு வாரத்து அழுகையில் முடிந்திருக்கும், மிஞ்சினால் மொட்டைக் கடுதாசியாகியிருக்கும். அதைத் தூக்குக் கயிறாக மாற்றும் எந்திரத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தது அரசு. ரேயின் அம்மாவே தன் கணவரை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தவர். பிடிக்காத ஆளை வீட்டைவிட்டு அகற்ற ஒரு தாள் போதும் என்பதை மகள் அங்கேதான் கற்கிறாள். கொடுங்கோன்மை குடும்பத்தின் சமையலறைவரை வந்து உட்காருவது எப்படி என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய ஆக்கங்கள் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடக்குமுறையைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று பேசுகிறது. அது தேவையானது. வாசகனுக்கு அதில் ஒரு வசதியும் இருக்கிறது, தானும் நல்லவர்கள் பக்கம்தான் என்று நம்பிக்கொள்ளலாம். 'டிடென்ஷன்' அந்த வசதியைப் பறிக்கிறது. கடைசியில் ரேயின் நிழலே அவளிடம் கேள்விகள் கேட்கிறது. பதிலை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பழியை மற்றவர்மேல் தள்ளிக்கொண்டே போனால் அவள் மறுபடியும் அதே சுழலில் சிக்குகிறாள். செய்ததைச் செய்ததென்று ஒப்புக்கொண்டால் வேறு முடிவு. வயதான வெய் சிறையிலிருந்து மீண்டு, பாழடைந்த பள்ளிக்குத் திரும்பி வருகிறார். அந்த முடிவிலும் செத்தவர் எழுவதில்லை, மன்னிப்பும் எளிதில் கிடைப்பதில்லை. நாவலில் காட்டிக்கொடுத்தவளின் மனத்தை வாசிக்கலாம். இங்கே அவளுடைய பதிலை நம் கை அழுத்துகிறது. இந்த வடிவம் மட்டுமே செய்யக்கூடியது அது. 2019இல் இதே கதையை ஜான் ஷு படமாக எடுத்தார், நல்ல படம்தான். ஆனால் படம் பார்ப்பவருக்கு அந்தப் பொறுப்பு இல்லை.

அதே 2019 பிப்ரவரியில் இக்குழு தன் அடுத்த விளையாட்டான 'டிவோஷன்' என்பதை வெளியிட்டது. அதன் சுவரில் ஒட்டியிருந்த ஒரு மந்திரத் தாளில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கைக் கேலிசெய்யும் எழுத்து இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். குழு மன்னிப்புக் கேட்டது, தாளை மாற்றியது. எதுவும் எடுபடவில்லை. ஒரு வாரத்துக்குள் ஸ்டீம் என்ற இணையக் கடையிலிருந்து விளையாட்டு மறைந்தது. சீனாவில் அதை விநியோகித்த நிறுவனம் உரிமத்தை இழந்தது. 2020 டிசம்பரில் ஜிஓஜி என்ற இணையக் கடை அதை விற்கப்போவதாக அறிவித்து, சில மணி நேரத்திலேயே பின்வாங்கியது. கடைசியில் 2021இல் குழுவே சொந்தக் கடை போட்டு விற்றது. இடையில் ஹார்வர்ட்-யென்சிங் நூலகம் இரண்டு விளையாட்டுகளையும் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. புத்தகத்தைத் தடைசெய்தால் ஒளித்துவைத்த பிரதி எங்காவது ஒரு பரணில் தப்பிக்கும். ஒரே கடையின் கணினியில் குடியிருக்கும் ஆக்கத்துக்கு அந்தப் பரண் கிடையாது. நூலகங்கள் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறோம்.

தமிழில் தீவிர விமர்சனம் சினிமாவை ஏற்றுக்கொள்ளவே காலம் பிடித்தது. வீடியோ கேமைப் பிள்ளைகளின் நேரப்போக்கு என்று இன்னும் ஒதுக்கிவைத்திருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு இதழிலும் ஒரு விளையாட்டைப் பற்றிய விமர்சனக் கட்டுரை வரும். கதைச் சுருக்கமும் மதிப்பெண்ணும் வேண்டாம். அந்த விளையாட்டு உங்கள் கையை எதைச் செய்ய வைத்தது, செய்தபின் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள். பதினைந்து பக்கம் போனாலும் வெட்டாமல் போடுகிறோம்.