சுங்கை சிப்புட்டும் ஹட்டனும்

தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களில் கங்காணி சேர்த்த ஆட்களில் ஒரு பகுதியினர் மன்னார் வழியாக இலங்கை மலையகத்துக்கு ஏறினார்கள். இன்னொரு பகுதியினர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, பேராக்கின் பால்மரத் தோட்டங்களுக்குப் போனார்கள். மொழி ஒன்று, ஆண்ட வெள்ளைக்காரனும் ஒருவன். லயத்து வீடும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டும் மாரியம்மன் திருவிழாவும் மலையகத்து ஹட்டனிலும் பேராக்கின் சுங்கை சிப்புட்டிலும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் சுதந்திர இலங்கை 1948-இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், தகப்பனும் அந்த மண்ணில் பிறந்ததற்கு ஆதாரம் கேட்டு, ஏறத்தாழ ஏழு லட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. மலாயாவின் 1957 அரசமைப்போ, மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள் தொடங்கி இங்கே பிறக்கும் பிள்ளை குடிமகன் என்றது. முன்பே பிறந்தவர்களுக்கும் விண்ணப்பிக்க வழி வைத்தது.

தேசம் எப்படி உருவாகிறது என்ற கோட்பாடுகளை இந்த இரண்டு ஊர்களிலும் உரசிப் பார்க்க வேண்டும். பழைய நினைவும் தெய்வமும் குலக்கதையும்தான் தேசத்தின் வேர் என்றார் அந்தோணி ஸ்மித். அந்த வேரை நான் மறுக்கவில்லை. தோட்டம் செம்பனையாக மாறி லயங்கள் இடிக்கப்பட்ட பிறகும் முனீஸ்வரருக்குப் பொங்கல் வைக்கப் பழைய இடத்துக்கே ஆட்கள் திரும்பிப் போகிறார்கள். ஆனால் அதே வேர் ஹட்டனிலும் இருந்ததே! முகம் தெரியாதவர்களைச் செய்தித்தாள் ஒரே கூட்டமாக எண்ண வைத்தது என்றார் பெனடிக்ட் ஆண்டர்சன். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் அந்த வேலையைச் செய்யத்தான் செய்தது. ஆனால் அது தமிழரைத் தமிழரோடு சேர்த்தது. அவர்களை மலாயாவின் குடிகளாக்கியது சட்டம்.

அந்தக் குடியுரிமை வெறும் அரசியல் பேரம்தானே என்று கேட்கலாம். ஆம், பேரம்தான். மலாயாவின் கூட்டணிக் கட்சிகள் மலாய்க்காரரின் சிறப்பு நிலையையும் பிறரின் குடியுரிமையையும் ஒரே மேசையில் பேசி முடித்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் இந்தியர் சார்பில் அந்த மேசையில் இருந்தார். இலங்கையில் 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளை வென்றவர்களுக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. அவர்களுடைய வாக்குப் பலமே அவர்களுக்கு எதிரான காரணமாயிற்று. பேரத்தில் பிறந்த உரிமை என்பதால் அது தாழ்ந்ததாகிவிடாது. இரத்தத்தைக் காட்டி யாரும் உள்ளே வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

குடியுரிமைக் காகிதம் கையில் இருந்தால் போதுமா என்ற கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. போதவில்லை. வேலையோடு வந்த வீடு வேலையோடு போயிற்று. பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளரிடம் பங்குப்பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கச் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதற்கும் காரணம் இதுதான்: குடிமகனுக்குக் காலூன்ற மண் வேண்டும். காகிதமும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. லயத்தில் பிறந்த பிள்ளையைப் பதிய ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டியிருந்தது. நடக்காமல் விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்றும் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அட்டையோடு நிற்கிறார்கள். 1962-இலேயே சட்டம் இறுகி, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று. 2024 அக்டோபரில் மலேசிய மக்களவை நிறைவேற்றிய திருத்தம், நிரந்தரவாசி என்ற அந்தக் கதவையும் சாத்துகிறது. அதன்படி, சிவப்பு அட்டைக்காரரின் குழந்தை ஈப்போ மருத்துவமனையிலேயே பிறந்தாலும் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஹட்டனில் 1948-இல் கேட்ட அதே கேள்வியை, அந்தக் குழந்தையின் தகப்பனிடம் நாம் இப்போது கேட்கிறோம்.