ஒரே கல்லூரியின் தலையில்

அமெரிக்காவில் கால்நடை மருத்துவம் பார்ப்பவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் தேறினால் அதிகம். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு ஏறத்தாழ 13 சதவீதம். கேட்டால், ‘விண்ணப்பிக்க ஆள் வருவதில்லை’ என்கின்றன கல்லூரிகள். இந்தச் சமாதானத்தை ஏற்பதற்கில்லை.

1897-இலேயே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர், டிரினிடாடில் பிறந்த அகஸ்டஸ் லஷிங்டன். ஆர்வத்துக்கு எப்போதும் பஞ்சமில்லை; கதவுதான் சாத்தியிருந்தது. அலபாமாவைப் பாருங்கள். ஆபர்னில் 1907 முதல் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் முதல் கறுப்பின மாணவர் நுழைய 1964 ஆயிற்று. அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் டஸ்கீகியில், 1945-இல் தனிக் கல்லூரியே தொடங்க வேண்டியிருந்தது. தொடங்கிய ஃபிரெடரிக் பேட்டர்சனும் கால்நடை மருத்துவர்தான்.

1949-இல் டஸ்கீகியில் ஆல்ஃபிரடா ஜான்சன் வெப்பும் பென்சில்வேனியாவில் ஜேன் ஹின்டனும் பட்டம் பெற்றார்கள். கறுப்பினப் பெண்களில் இவர்களே முதல் கால்நடை மருத்துவர்கள். ஹின்டன் கால்நடை மருத்துவம் படிக்கப் போகும் முன்பே 1941-இல் முல்லர் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து உருவாக்கிய, கிருமி வளர்க்கும் கூழான அகாரில்தான் இன்றும் உலகெங்கும் கிருமியைப் பரப்பி, மருந்து தோய்ந்த வட்டுகளை வைத்து, மறுநாள் அவற்றைச் சுற்றித் தெளிந்திருக்கும் வளையத்தை அளந்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அறிகிறார்கள். நம் ஊர் ஆய்வகங்களிலும் முல்லர்–ஹின்டன் தட்டு உண்டு. அந்த ஹின்டன் யாரென்று எத்தனை பேருக்குத் தெரியுமோ!

நாட்டின் கறுப்பினக் கால்நடை மருத்துவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் டஸ்கீகியில் படித்தவர்கள். டஸ்கீகிக்கு இது பெருமை. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ள நாட்டில் மற்றவற்றுக்கு இது வெட்கக்கேடு.

சேர்க்கைக்கு வருபவர் கால்நடை மருத்துவரிடம் நூற்றுக்கணக்கான மணி நேரம் கூடவே இருந்து பழகியிருக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. பெரும்பாலும் அதற்குச் சம்பளம் கிடையாது. கோடை விடுமுறையில் வேலைக்குப் போய்க் கல்விக் கட்டணம் சேர்க்கும் பிள்ளை அந்த மணிநேரத்துக்கு எங்கே போகும்? இந்த நிபந்தனைக்கு நிறம் கிடையாது. வடிகட்டும் வேலையை மட்டும் கச்சிதமாகச் செய்கிறது.

மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கலாகாது என்று 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இனி அதைக் காட்டிக் கைவிரிப்பது சுலபம். ஆனால் கறுப்பினப் பகுதிகளின் பள்ளிகளுக்குப் போய் மாணவர்களைத் தேடாதே என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. வசதியற்ற மாணவரின் பயிற்சி மணிநேரத்துக்குக் கூலி கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரிகள் முதலில் அந்தக் கூலியைக் கொடுக்கட்டும். டஸ்கீகிக்கு அலபாமாவும் வாஷிங்டனும் தரும் நிதி, அது சுமக்கும் பாரத்துக்கு ஏற்ப உயரட்டும்.