மருமகளைக் குறை சொல்லும் முன்...

திருமணமாகி இரண்டு வருடம் கழிந்துவிட்டால் போதும், 'விசேஷம் உண்டா?' என்ற கேள்வி மருமகளை நோக்கித்தான் பாய்கிறது. டாக்டர், ஸ்கேன், மருந்து எல்லாம் அவளுக்கே! மகனையும் சோதிக்கலாமே என்றால், 'என் பிள்ளைக்கு என்ன குறை?' என்று வீடே கொதிக்கிறது. இது நியாயமா சகோதரர்களே?

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் குறையும் காரணமாக இருக்கிறது. அதில் ஒரு காரணம் நம் சாப்பாட்டுத் தட்டிலேயே இருக்கக்கூடும்.

1958ல் ஈரானின் ஷீராஸ் நகரில், பீகாரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத்திடம் 21 வயது இளைஞர் ஒருவர் வந்தார். பார்வைக்குப் பத்து வயதுச் சிறுவன்! மீசை அரும்பவில்லை, உறுப்புகள் வளரவில்லை, கடுமையான ரத்தசோகை வேறு. புளிக்க வைக்காத ரொட்டியே அவரது உணவு; களிமண் தின்னும் பழக்கமும் இருந்தது. பின்னர் எகிப்தில் இதே நிலையிலிருந்த இளைஞர்களை ஆராய்ந்து, துத்தநாகச் சத்து (ஜிங்க்) குறைவே காரணம் என்று 1963ல் பிரசாத் எழுதினார். அச்சத்தைக் கொடுத்ததும் அவர்கள் வளர்ந்தார்கள், பருவமடைந்தார்கள்.

ரொட்டியில் துத்தநாகம் இல்லையா? இருக்கிறது. ஆனால் தானியத் தவிட்டிலுள்ள பைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடுவதில்லை. மாவு புளித்தால் பைட்டேட் குறையும். நமது இட்லி, தோசை மாவின் சிறப்பு இதுவே!

1996ல் பிரசாத் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நல்ல உடல்நலமுள்ள நான்கு இளைஞர்களுக்கு 20 வாரம் துத்தநாகம் குறைந்த உணவு தரப்பட்டது. அவர்களது ஆண் ஹார்மோன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது.

மாத்திரை வாங்க ஓடாதீர்கள்!

இதைப் படித்ததும் மருந்துக் கடைக்கு ஓடிவிடாதீர்கள். லாட்ஜில் அறையெடுத்து 'ஆண்மைக் குறைவா?' என்று விளம்பரம் செய்பவரிடம் பணத்தைக் கொட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் குழந்தைக்காகச் சிகிச்சை பெற வந்த 2,370 தம்பதிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2020ல் வெளியானது. ஆண்களில் ஒரு பாதியினர் ஆறு மாதம் தினமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சாப்பிட்டார்கள். விந்தணுவின் தரமும் உயரவில்லை, குழந்தைப் பேறும் கூடவில்லை! குறை உள்ளவருக்குத்தான் அது மருந்து. அளவு மீறினால் உடலிலுள்ள தாமிரச் சத்து குறைந்து வேறு நோய் வரும்.

பின் என்ன செய்வது? வளர்ந்த ஆணுக்குத் தினமும் 17 மில்லிகிராம் துத்தநாகம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். காலை முதல் இரவு வரை கடையில் நிற்கும் வியாபாரிகளே, டீயும் பரோட்டாவுமாகப் பொழுதை ஓட்டாதீர்கள். இறைச்சி, முட்டை, ஊறவைத்த பயறு, எள், நிலக்கடலை தட்டில் இருக்கட்டும். சிகரெட்டை விடுங்கள்.

குழந்தை தாமதமானால் முதலில் நீங்கள் விந்துப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். பெண்ணுக்குச் செய்யும் சோதனைகளைவிட அது எளிது, செலவும் குறைவு. குறை யாரிடம் என்று தெரியும் முன்பே ஒரு பெண்ணை 'மலடி' என்று அவள் தாய்வீட்டுக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய அநீதி! சிந்தியுங்கள் இளைஞர்களே!