கடனும் காவலும்

அரசு தன் குடிகட்கு ஈயும் நன்மைகளுள் கண்ணாற் காணத்தக்கன சில; காணலாகாதன பல. சாலையும், பாலமும், குளமும், பள்ளியும் முன்னைய வகையின. சட்டம் ஒன்றினால் மட்டுமே உளவாகி, சட்டம் ஒழியின் தாமும் ஒழிவன பின்னைய வகையின. பின்னையவற்றுள் இரண்டினை மட்டும் யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஒன்று, கடன் இறுக்க வகையற்ற கம்பெனிக்கு நீதிமன்றம் வழங்கும் விடுதலை. மற்றொன்று, பொதுப் பணத்தாற் கண்டறியப்பட்ட மருந்தின்மீது தனிக் கம்பெனிக்கு வழங்கப்படும் தனியுரிமை. இவை ஒன்றற்கொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும். ஆயினும் இரண்டிலும் எழும் வினா ஒன்றே. பொது நன்மைக்கென ஆக்கப்பட்ட சலுகையைத் தனியொருவர் தம் நன்மைக்கெனக் கைக்கொள்ளுங்கால், அதனைத் தட்டிக் கேட்கும் பொறுப்பு யாருடையது? அஃது அரசினுடையதே என்பதும், அப்பொறுப்பு ஏட்டளவில் நின்றுவிடலாகாது என்பதும் எமது துணிபு.

திவால் சட்டம் இரக்கத்தினின்று பிறந்தது. கடன்பட்டாரைச் சிறையிலிடுதலே முன்னாளில் பல நாடுகளின் வழக்கம். சிறையிலிருப்பவன் உழைத்துக் கடனைத் தீர்த்தல் இயலாது, கொடுத்தவனுக்கும் பயனில்லை. ஆதலின், உள்ள பொருள் முழுவதையும் ஒளிக்காமல் நீதிமன்றத்தின் முன் வைத்து, கொடுத்தவர்கள் அதனை முறைப்படி பகிர்ந்துகொள்ள விட்டு, எஞ்சிய கடனினின்று நீங்கிப் புதுவாழ்வு தொடங்கும் வழியைச் சட்டம் திறந்துவைத்தது. நம் மக்கள் இதனை மஞ்சட் கடுதாசி கொடுத்தல் என்று இழிவு தோன்றக் கூறுவர். எனினும் நேர்மையுடன் தோற்றவனுக்கு அஃது இழிவன்று. 'உள்ளதெல்லாம் முன்னே வை. பின் விடுதலை பெறு' என்னும் உடன்படிக்கையே அதன் உயிர். முற்பகுதியைச் செய்யாமல் பிற்பகுதியை மட்டும் பெறுவாராயின், அவ்விரக்கம் ஏமாற்றத்திற்குத் துணையாகிவிடும்.

சென்னை மாநகரம் இத்தகைய இடரைத் தானே கண்டதுண்டு. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. அதனை நம்பிப் பணம் இட்டு வைத்திருந்த குடும்பங்கள் பல கலங்கின. அது பங்காளிகளின் கூட்டு வாணிகம். இந்நாளைய லிமிடெட் கம்பெனி அன்று. அதன் தலைவர் ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் தாமே நீதிமன்றத்தில் நின்று விடை கூற வேண்டியவராகிப் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். அவ்விடரின் பின்னரே 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. லிமிடெட் கம்பெனியின் இயல்பு வேறு. அது சட்டம் படைத்த ஓர் ஆள். உடலில்லை, ஆனால் ஆஸ்தியுண்டு. அதன் பங்குதாரர் இட்ட முதலுக்கு மேல் இழக்கமாட்டார். பெருந்தொழில்கள் வளர்வதற்கு இச்சலுகை வேண்டற்பாலதே. ஆயினும் சலுகை பெரிதாகுந்தோறும் காவலும் பெரிதாதல் வேண்டுமன்றோ?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்த பர்டியூ பார்மா வழக்கு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இக்கம்பெனி ஆக்ஸிகான்டின் என்னும் வலிநீக்கும் மருந்தை 1996-ஆம் ஆண்டு முதல் விற்று வந்தது. அபின் இனத்தைச் சார்ந்த அம்மருந்தினை அடிமைத்தனம் விளைக்கும் அச்சம் குறைந்ததெனக் கூறி விற்றமைக்காக, கம்பெனியின் சார்பில் 2007-இல் நீதிமன்றத்திற் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2020-இல் மீண்டும் ஒப்புக்கொள்ளப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், வழக்குகள் பெருகும் என்பது தெளிவாகிய பின், கம்பெனியின் உடைமையாளராகிய ஸாக்லர் குடும்பத்தார் 2008 முதல் 2016 வரை ஏறத்தாழ 1,100 கோடி டாலரைக் கம்பெனியினின்று பெற்றுக்கொண்டனர். கம்பெனியின் ஆஸ்தி பெரிதும் வற்றியது. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. குடும்பத்தார் மனுக் கொடுத்திலர். தம் பொருள் முழுவதையும் முன்வைக்கவும் இல்லை. அவ்வாறிருந்தும், தாம் ஒரு தொகை கொடுப்பதாகவும், அதற்கு மாறாகத் தம்மீது எவரும் இனி வழக்கிடலாகாதென நீதிமன்றம் தடுத்தல் வேண்டுமெனவும் வேண்டினர். முடிவில் அத்தொகை 550 முதல் 600 கோடி டாலர் வரை உயர்ந்தது. மகனை இழந்த தாய் இசையாவிடினும் அவளுடைய வழக்குரிமையும் இதனால் அற்றுப்போகும்.

இதனை எதிர்த்து நின்றவர் யாவர்? கடன்கொடுத்தாருள் வாக்களித்தோரிற் பெரும்பாலோர் ஏற்பாட்டிற்கு இசைந்துவிட்டனர். எதிர்த்தவர் அரசின் அலுவலராகிய யுனைடெட் ஸ்டேட்ஸ் டிரஸ்டி ஆவார். திவால் வழக்குகளைக் கண்காணித்தற்கென 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சில மாவட்டங்களிற் சோதனையாக ஏற்பட்டு, 1986-இல் நாடெங்கும் விரிந்த பதவி அது. அவர் கொண்டுசென்ற வழக்கில் அந்நாட்டு உயர்தனி நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, திவால் மனுக் கொடாதாருக்குப் பிறர் இசைவின்றி அத்தகைய விடுதலையை வழங்கச் சட்டம் இடந்தரவில்லை எனத் தீர்ப்பளித்தது.

மாறுபட்ட நால்வரின் கருத்தையும் மறைத்தல் தகாது. ஏற்பாடு குலைந்தால் துன்புற்றார்க்கு ஒரு காசும் கிட்டாமற் போகலாம் என அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் பொருளற்றதன்று, பசித்தவனுக்கு அறம் பேசிக் கால்வயிற்றுக் கஞ்சியையும் தட்டிவிடுதல் கொடுமையே. ஆயின் பின்னர் நிகழ்ந்தது யாது? 2025-இல் 740 கோடி டாலர் அளவிற் புதிய ஏற்பாடு வகுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் திவால் நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றது. இசையாதாரின் வழக்குரிமையும் அதிற் பறிக்கப்படவில்லை. காவலன் விழித்திருந்தமையால் தொகை குறையவில்லை, கூடிற்று.

இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் நுண்ணியது. டெக்ஸாஸ் மாகாணச் சட்டப்படி ஒரு கம்பெனி தன்னையே இரு கூறாக்கிக்கொள்ளலாம். ஆஸ்தியை ஒன்றற்கும் கடனை மற்றொன்றற்கும் பிரித்து வைக்கலாம். ஜான்ஸன் அண்டு ஜான்ஸன் நிறுவனம் தன் டால்கம் பவுடரால் நோயுற்றதாகக் கூறியோரின் பல்லாயிரம் வழக்குகளைத் தாங்குதற்கென 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் எல்.டி.எல். என்னும் புதிய கம்பெனியை இம்முறையால் தோற்றுவித்தது. பிறந்த இரண்டு நாட்களில் அக்குழந்தை திவால் மனுக் கொடுத்தது! தம் பண்டம் தீங்கற்றதென்றே நிறுவனத்தார் கூறிவருகின்றனர். அதனைத் தீர்த்தல் எம் வேலையன்று. எம் வினா வேறு. தாய்நிறுவனம் செல்வத்திற் கொழிக்க, கடனை மட்டும் ஒரு தனிக்கூட்டில் அடைத்து நீதிமன்ற வாயிலில் விடலாமா? மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஜனவரியில், பணமுடை இல்லாதார்க்குத் திவால் சட்டம் புகலிடமன்றெனக் கூறி மனுவைத் தள்ளிற்று. அவ்வாண்டே கொடுத்த இரண்டாம் மனுவும், வேறொரு கம்பெனியின் பெயரால் 2024-இற் கொடுத்து 2025 மார்ச்சில் முடிந்த மூன்றாம் மனுவும் தள்ளப்பட்டன. மும்முறையும் நீதி நின்றது உண்மையே. ஆயினும் இதற்குள் மூன்றரை யாண்டுகள் கழிந்தன. புற்றுநோயாளிக்கு மூன்றரை யாண்டு என்பது யாதென்று கூறவும் வேண்டுமோ? ஆதலின் காவல் என்பது இறுதியிற் கதவை மூடுவது மட்டுமன்று. தொடக்கத்திலேயே வாயிலில் நின்று, 'நின் ஆஸ்தி எங்கே?' என வினவுவதும் ஆகும்.

இனி மருந்தாராய்ச்சியை நோக்குவோம். டாக்ஸால் என்னும் புற்றுநோய் மருந்தின் வரலாறு படிக்கப் படிக்க வியப்பூட்டுவது. 1962-இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சித் திட்டத்திற்கென வாஷிங்டன் மாகாணத்துக் காட்டில் ஒரு யூ மரத்தின் பட்டை திரட்டப்பட்டது. அப்பட்டையினின்று மருந்துப் பொருளைப் பிரித்து அதன் அமைப்பை 1971-இல் வெளியிட்டவர்கள் மன்ரோ வால் என்பவரும், நம் இந்திய நாட்டிற் பிறந்த மன்சுக் வானி என்பவரும் ஆவர். அது உயிரணுவில் வேலை செய்யும் வகையை 1979-இல் ஸூஸன் ஹார்விட்ஸ் அம்மையார் கண்டறிந்தார். அரசின் பணமே இம்முயற்சியை நெடுங்காலம் தாங்கியது. 1991-இல் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் கம்பெனியோடு அரசு உடன்படிக்கை செய்தது. 1992 இறுதியில் மருந்து விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. பின் கணக்குப் பார்த்த அரசின் தணிக்கை அலுவலகம் 2003-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இம்மருந்தாராய்ச்சியில் அரசின் சுகாதார ஆராய்ச்சி நிலையங்கள் 2002 வரை இட்டது 48 கோடியே 40 இலட்சம் டாலர். 1993 முதல் 2002 வரை கம்பெனியின் விற்பனை 900 கோடி டாலர். அந்நிலையங்களுக்கு உரிமைப் பங்காக வந்ததோ 3 கோடியே 50 இலட்சம் டாலர். முதியோர்க்கான அரசு மருத்துவ உதவித் திட்டம் மட்டும் 1994 முதல் 1999 வரை இம்மருந்திற்கென 68 கோடியே 70 இலட்சம் டாலர் கொடுத்தது. தன் தோட்டத்துக் கனியைத் தானே விலைகொடுத்து வாங்கிய கதையிது.

இதற்குச் சட்டமே இல்லையோ எனின், உண்டு. 1980-ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம், பொதுப் பணத்தாற் கண்டவற்றின் உரிமையைப் பல்கலைக்கழகம் முதலியனவே வைத்துக்கொள்ள இடந்தந்தது. அக்கண்டுபிடிப்பு மக்கட்குத் தக்கவாறு கிட்டாதாயின் அரசு தலையிட்டுப் பிறர்க்கும் உரிமை வழங்கலாம் என்னும் விதியும் அதிலுண்டு. ஆயின் அவ்விதி நாற்பதாண்டுகட்கு மேலாகியும் ஒருமுறையேனும் செயற்பட்டதில்லை. அரசின் பொருளுதவியோடு உருவாகிய நார்விர் என்னும் எய்ட்ஸ் மருந்தின் விலையை அபட் கம்பெனி 2003 இறுதியில் ஏறத்தாழ ஐந்து மடங்காக உயர்த்தியது. அரசு தலையிடல் வேண்டுமென வந்த மனு 2004-இல் மறுக்கப்பட்டது. எக்ஸ்டாண்டி என்னும் புற்றுநோய் மருந்தைப் பற்றிய மனுவும் 2023-இல் மறுக்கப்பட்டது. உறையை விட்டு ஒருநாளும் வெளிவாராத வாளுக்கு எவர் அஞ்சுவர்?

மறுப்போர் கூற்றிலும் உண்மையுண்டு. கண்டுபிடிப்பு வேறு, மருந்து வேறு; இடைப்பட்ட சோதனைகளுக்குப் பெரும்பொருள் வேண்டும்; அவற்றுட் பல தோற்கும்; அத்தோல்வியைச் சுமப்பவர் கம்பெனியாரே என்பர். 1989-இல் அமெரிக்க அரசு தன் உடன்படிக்கைகளில் நியாயவிலை விதியொன்றைச் சேர்த்தது. அதனாற் கம்பெனிகள் ஒதுங்குகின்றன என்று கூறி 1995-இல் அதனை நீக்கிவிட்டது. இவற்றை யாம் மறுக்கவில்லை. முதலிட்டவன் ஊதியம் பெறுதல் முறையே. ஆயின் பொதுமக்களும் முதலிட்டவரே அல்லரோ? ஒரே நிலத்திற்கு இருவர் வித்திட்டால், கதிர் முழுவதும் ஒருவர் களஞ்சியத்திற்கே செல்லுதல் எவ்வகை வழக்கு? அரசு எவ்வளவு இட்டது, கம்பெனி எவ்வளவு இட்டது என்னும் கணக்கு வெளிப்படையாக வைக்கப்படல் வேண்டும். அதற்கேற்பப் பங்கும் விலையும் உடன்படிக்கையிலேயே எழுதப்படல் வேண்டும். இவ்வளவே யாம் வேண்டுவது.

நம் நாடும் இவ்வினாக்களினின்று விலகி நிற்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டமும், அதனைக் கண்காணிக்க அவ்வாண்டே அமைந்த வாரியமும் நமக்கு உள்ளன. கம்பெனியைக் கடனில் ஆழ்த்தியவர்களே அதனைக் குறைந்த விலைக்கு மீண்டும் வாங்கிவிடாதபடி 2017-இல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. மருந்துத் துறையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் பாரத் பயோடெக் கம்பெனியும் சேர்ந்து கோவாக்ஸின் தடுப்பு மருந்தை ஆக்கியபோது, விற்பனையில் நூற்றுக்கு 5 வீதம் கவுன்சிலுக்கு உரியதென உடன்படிக்கை செய்யப்பட்டது. இது பாராட்டற்பாலது. எனினும் அம்மருந்தின் பேட்டன்ட் மனுவிற் கவுன்சிலின் பெயர் விடுபட்டிருந்தமை 2024-இல் வெளிப்பட்டது. கம்பெனியார் அது கவனக்குறைவால் நேர்ந்ததென்று கூறிப் பெயரைச் சேர்க்க முற்பட்டனர். எவ்வாறு நேர்ந்ததாயினும், கவனிப்பார் இல்லாவிடிற் பொதுச் சொத்தின் பெயர் காகிதத்தினின்றும் எளிதில் நழுவும் என்பதை அது காட்டிற்று.

தமிழிற் கடன் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டியது கடன். ஒருவர் தவறாது செய்யவேண்டிய முறைமையும் கடன். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர், பெற்றவனே கடமைப்பட்டவன் என்பதனை நன்கு உணர்ந்திருந்தனர் போலும். சட்டத்தினிடம் பாதுகாப்புப் பெற்ற கம்பெனியும், மக்கள் பணத்தால் அறிவு பெற்ற மருந்தாலையும் இரு பொருளிலும் கடன்பட்டனவே. அக்கடனைக் கேட்டு வாங்குதல் அரசின் கடன். அரசைக் கேட்டல் குடிகளின் கடன்.

இக்கலாசாலையிற் பயிலும் தோழர்களுட் சிலர் நாளை வழக்கறிஞராவர், சிலர் மருத்துவராவர், சிலர் ஆராய்ச்சிக் கூடங்களிலும், சிலர் அரசின் அலுவலகங்களிலும் அமர்வர். கணக்கேடு ஒன்றனைப் புரட்டி, இப்பொருள் எங்கிருந்து வந்தது, எங்குச் செல்கின்றது என வினவும் வேலை அவர்களுள் யாருக்கேனும் வாய்க்கும். அது புகழ் தரும் வேலையன்று. பலர் வெறுப்பையும் தேடித் தரும். எனினும் நோயுற்றோர் நம்பியிருப்பது அவ்வேலையையே. அதனை ஏற்பார் அஞ்சாது வினவுவாராக. ஏனையோர் அவர்க்குத் துணைநிற்போமாக.