அடுத்தவர் தலைவலியா?

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் அடுத்தவர் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவதாம். முதல் பெரிய பைக் புதிதாகத்தான் இருக்க வேண்டுமாம். ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய இன்டர்செப்டர் 650 பைக்கின் எடை 200 கிலோவுக்கு மேல். 110 சிசி ஓட்டிப் பழகிய கை, ஒருமுறையாவது அதைச் சாய்த்துவிடும். நானும் சாய்த்தேன், பெட்ரோல் பங்க் வாசலில். ஏற்கெனவே கீறல் விழுந்த டேங்க் என்பதால் மனசு ஆறியது.

தலைவலியைப் பார்த்தே தவிர்க்கலாம். எஞ்சின் சூடாகும் முன், காலையிலேயே போங்கள். முன் ஃபோர்க்கை விரலால் தடவுங்கள். ஆயில் ஒட்டினால் சீல் போய்விட்டது. டயரில் 2319 என்றிருந்தால், 2019-இன் 23-வது வாரத்தில் செய்தது. ஆர்சியில் கடன் பதிவு இருந்தால், வங்கியின் என்ஓசி வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்குகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டியில் அது இல்லையென்றால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.