நடுவர் விலக்கிய மட்டை

ஆடுகளத்தில் நடுவர் கூறும் தீர்ப்புக்கள் பலவாம். அவற்றுள் ஆட்டக்காரரை வெளியேற்றும் தீர்ப்பைக் குறித்து உலகம் ஓயாது பேசும். ஆட்டக்காரரை நிற்கவிட்டு, அவர் கையிலுள்ள மட்டையை மட்டும் வெளியேற்றும் தீர்ப்பும் ஒன்றுண்டு. அதனைக் குறித்துச் சிந்திப்பார் மிகச் சிலரே. அச்சிறு தீர்ப்பினுள் நீதி, இரக்கம் என்னும் இரண்டும் அடங்கிக் கிடக்கின்றன என்பது எமது கருத்து. அதனை யாம் நூல்களிற் கண்டறிந்திலேம். எம் ஊராகிய பள்ளிக்கரணையிற் கண்டறிந்தேம்.

சென்ற கோடை விடுமுறையில், சதுப்பு நிலத்திற்குச் சற்று அப்பாலுள்ள வெற்றுமனை யொன்றில் இரு தெருச் சிறுவர்கள் டென்னிஸ் பந்து கொண்டு கிரிக்கெட்டு ஆடினர். ஓட்டக் கணக்கு எழுதும் பணி எம்மைச் சார்ந்தது. ஒரு சிறுவன் முறிந்த மட்டை யொன்றைப் பசையிட்டு ஒட்டி, நாடாவைச் சுற்றின்மேற் சுற்றாகச் சுற்றிக் கொணர்ந்திருந்தான். அவன் அடுத்தடுத்து இரண்டு பந்துகளை எல்லைக்கு அப்பால் அனுப்பும் வரையில் அம்மட்டையை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அனுப்பிய பின்னரோ, எதிரணித் தலைவன் அது செல்லாத மட்டை என்று முறையிட்டான். யாவரும் அண்ணா என்றழைக்கும் இளைஞர் ஒருவரே நடுவர். அவர் மட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது வேண்டாம், தம்பி; வேறே எடுத்துக்கொள்” என்றார். “வேறே இல்லை, அண்ணா” என்றான் சிறுவன். அவன் அணியில் எஞ்சியிருந்த ஒரே மட்டை எதிர்முனையில் நின்றவன் கையில் இருந்தது. அதனை இருவரும் மாற்றி மாற்றி ஆட எதிரணியார் இசைந்திலர். தம் மட்டையைத் தரவும் மனங்கொண்டிலர். சிறுவன் ஒன்றும் பேசாது வீட்டை நோக்கி நடந்தான். கணக்கேட்டில் அவன் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்றறியாது, எழுதுகோலைக் கையிற் பிடித்தவாறே யாம் நெடுநேரம் இருந்தேம்.

நடுவர் தவறிழைத்தாரா? விதியை நோக்குமிடத்து இல்லை என்றே கூறல் வேண்டும். கிரிக்கெட்டு விதிகள் மட்டையைப் பழுதுபார்த்து மேலே உறையிடுவதை அனுமதிக்கின்றன. ஆயின் அவ்வுறையின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. அச்சிறுவன் சுற்றிய நாடாவோ விரற்கனம் இருந்தது.

இத்தகைய கட்டுப்பாடு நேற்று முளைத்ததன்று. 1771ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒயிட் என்னும் ஆட்டக்காரர் விக்கெட்டு முழுவதையும் மறைக்கத்தக்க அகன்ற மட்டையுடன் ஹாம்பிள்டன் அணிக்கு எதிரே வந்து நின்றார். அதன் விளைவாகவே மட்டையின் அகலம் நாலேகால் அங்குலம் என்று வரையறுக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு டிசம்பரில், பெர்த் நகரில், ஆஸ்திரேலியராகிய டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையுடன் ஆடவந்தார். பந்து பழுதுறுகின்றது என்று இங்கிலாந்துத் தலைவர் மைக் பிரேர்லி முறையிட, நடுவர்கள் மட்டையை மாற்றச் செய்தனர். மட்டையின் அலகு மரத்தாலானதாகவே இருத்தல் வேண்டும் என்னும் விதி அதன் பின்னரே, 1980ஆம் ஆண்டில், எழுதப்பட்டது. 2017 அக்டோபர் முதலாக மட்டையின் ஓரம் 40 மில்லிமீட்டரையும், நடுக்கனம் 67 மில்லிமீட்டரையும் கடத்தலாகாது என்று அளவு குறிக்கப்பட்டது.

அளவு குறித்தால் மட்டும் போதுமோ? அளந்து பார்ப்பாரும் வேண்டுமன்றோ? 2025ஆம் ஆண்டின் இந்தியன் பிரீமியர் லீக் ஆட்டங்களில் நடுவர்கள் களத்திலேயே அளவுச் சட்டம் ஒன்றைக் கைக்கொண்டு மட்டைகளைச் சோதித்தனர். சட்டத்தினூடே மட்டை நுழைந்து சென்றால் ஆடலாம், தடைப்பட்டால் ஆகாது. அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள் பஞ்சாபுக்கும் கொல்கத்தாவுக்கும் முல்லன்பூரில் நிகழ்ந்த ஆட்டத்தில் சுனில் நரேன், அன்ரிச் நோர்க்கியா என்னும் இருவர் மட்டைகளும் சோதனையில் தவறின. முன்னவர் உலகப் புகழ் வாய்ந்தவர். பின்னவர் கடைசியாக ஆடவந்த பந்து வீச்சாளர். இருவருக்கும் சட்டம் ஒன்றே. இருவரும் வேறு மட்டை ஏந்தினர். அதற்காக ஒருவருக்கும் ஆட்டம் மறுக்கப்படவில்லை. மட்டையைக் குற்றமாகக் கொண்டனரே யன்றி, மனிதரைக் குற்றவாளி ஆக்கினாரல்லர். இதுவே செவ்விய முறை என்போம்.

மற்றும், அளவே நீதிபதியாக இருத்தல் வேண்டும். புதுமையைக் கண்டு மருளுதல் கூடாது. 2010ஆம் ஆண்டில் நம் சென்னை அணியினராகிய மாத்யூ ஹேடன், கைப்பிடி நீண்டு அலகு குறுகிய விந்தை மட்டையால் டில்லி அணிக்கெதிராக 43 பந்துகளில் 93 ஓட்டங்கள் எடுத்தார். கண்டார் நகைத்தனர், ஆயினும் அது விதிக்கு உட்பட்டதே யாதலின் அதனை ஒருவரும் விலக்கிலர்.

மட்டையை விலக்கும் முறையை நன்கு வகுத்தோர் ஸாப்ட்பால் ஆடும் அமெரிக்கர் எனலாம். அவ்வாட்டத்தின் மட்டைகள் பெரும்பாலும் உட்குழிந்த உலோகத்தாலும் கலப்புப் பொருள்களாலும் ஆனவை. பந்தை மிக விசையோடு திருப்பி அனுப்புவன. பெண்கள் ஆடும் விரைவீச்சு ஆட்டத்தில் பந்து வீசுவோருக்கும் அடிப்போருக்கும் இடைத்தூரம் 43 அடியே. ஆதலால் ஆட்டம் தொடங்குமுன் நடுவர்கள் மட்டைகளைப் பார்வையிட்டு, நெளிந்தவற்றையும், வெடித்தவற்றையும், ஒப்புதல் முத்திரை இல்லாதவற்றையும் ஒதுக்கிவைப்பர். அவ்வாறு முன்னரே ஒதுக்கினால் யாருக்கும் தண்டனை இல்லை. ஒதுக்கத்தக்க மட்டையுடன் ஆடப் புகுந்தால் அடிப்பவர் ஆட்டமிழப்பார். வேண்டுமென்றே மட்டையின் இயல்பை மாற்றியவரோ களத்தினின்றும் வெளியேற்றப்படுவார். அறியாமைக்கும் வஞ்சனைக்கும் இங்ஙனம் வேறுபாடு காட்டியிருத்தல் போற்றத்தக்கது.

இவ்வேறுபாட்டை மறந்த தீர்ப்பு நிலைத்திலது என்பதற்குப் பேஸ்பால் ஆட்டத்தினின்றும் ஒரு சான்று கூறுவோம். 1983 ஜூலை 24ஆம் நாள் நியூயார்க்கில், கான்சாஸ் நகர அணியைச் சேர்ந்த ஜார்ஜ் பிரெட் கடைசிப் பகுதியில் பந்தை எல்லை கடத்தித் தம் அணியை முன்னணிக்குக் கொணர்ந்தார். அவர் மட்டையில் பைன் மரப் பிசின், விதி கூறிய 18 அங்குலத்திற்கு மேலும் பூசப்பட்டிருந்தது. எதிரணியார் முறையிட, நடுவர் அவரை ஆட்டமிழந்தவராக அறிவித்தார். சில நாட்களின் பின் சங்கத் தலைவர் லீ மக்பெயில் அதனை மாற்றினார். பிசின் மிகுதியால் பந்து தூரம் செல்வதில்லை. ஆதலால் மட்டையை விலக்கியிருக்கலாமே யன்றி, அடித்த அடியை அழித்தல் தகாது என்பது அவர் முடிவு. ஆட்டம் ஆகஸ்டு 18ஆம் நாள் விட்ட இடத்தினின்றும் தொடர்ந்து நிகழ்ந்தது. கான்சாஸ் அணி வென்றது.

“அடிப்பது கையா, மட்டையா? திறமையுள்ளவன் எதனாலும் அடிப்பான், விட்டுவிடலாமே” என்பாரும் உளர். திறமையுள்ளவன் எதனாலும் அடிப்பானாயின், அளவான மட்டையால் அடிப்பதில் அவனுக்கு என்ன நட்டம் என்று அன்னாரை வினவுகின்றோம். “ஏழைச் சிறுவரிடம் விதி பேசலாகாது” என்று இரங்குவாரும் உளர். அவ்விரக்கம் நன்றே, ஆயினும் ஒருவனுக்காக விதியைத் தளர்த்தினால், எதிரே பந்து வீசும் ஏழைச் சிறுவனுக்கு நாம் என்ன விடை கூறுவோம்? விதி அங்ஙனமே நிற்கட்டும். ஆனால் நரேனுக்கு மற்றொரு மட்டை இருந்தது. பள்ளிக்கரணைச் சிறுவனுக்கு இல்லை. ஒரே தீர்ப்பு ஒருவருக்கு ஒரு நிமிடத் தாமதமாகவும், மற்றொருவனுக்கு ஆட்டத்தின் முடிவாகவும் ஆயிற்று. இவ்வேற்றுமையை நீக்குதல் நடுவர் ஒருவரால் மட்டும் ஆவதன்று. அது நம் யாவருடைய கடமையுமாம்.

ஆகவே, தெருவிலும் கல்லூரி விடுதிகளிலும் ஆடும் நம் நண்பர்களுக்கு மூன்று கூறுவோம். முதலாவது, மட்டைகளை நாணயம் சுண்டுமுன்னரே சோதித்துவிடுதல் வேண்டும். இரண்டு அடிகள் எல்லை கடந்த பின் எழும் முறையீட்டில் நியாயத்தினும் பொறாமையே மிகுதி. இரண்டாவது, கண்ணால் மதிப்பிடாது கருவியால் அளத்தல் வேண்டும். கருவிக்கு உறவுமில்லை, பகையுமில்லை. மூன்றாவது, ஒருவன் மட்டையை விலக்கும் நடுவரின் கையில் அவனுக்குக் கொடுப்பதற்கு வேறொரு மட்டை இருத்தல் வேண்டும். இரு அணியாரும் பொதுவில் பணமிட்டு வாங்கிய மட்டை ஒன்று எல்லைக்கோட்டருகே கிடக்குமாயின், எந்தச் சிறுவனும் தீர்ப்பைக் கேட்டு வீட்டிற்கு நடக்க வேண்டுவதில்லை.

அன்றைக் கணக்கேட்டில் அச்சிறுவன் பெயருக்கு நேரே “ஆட்டமிழக்கவில்லை” என்றே முடிவில் எழுதினேம். அது விதிப்படி சரியோ, தவறோ, இன்றும் எமக்கு ஐயமே. ஆயினும் வருகின்ற விடுமுறையில், பலகையில் வெட்டிய அளவுச் சட்டம் ஒன்றும், பொது மட்டை ஒன்றும் அவ்வெற்றுமனைக்குக் கொண்டுசெல்வதென்று அண்ணாவும் யாமும் உறுதி செய்துள்ளோம். மட்டையின் விலையிற் பாதியை அவரே தருவதாகக் கூறியிருக்கின்றார்.