கோயில் வாசல் திறந்திருக்கிறதா?

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்களில் தென் மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல உண்டு. பால், மளிகை, பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்தான பிறகு, "ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போவது?" என்ற கேள்வி எழுகிறது. முன்பெல்லாம் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். இன்று அந்தக் கதவு சாத்தியே கிடக்கிறது. செல்போனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்டால் என்ன கிடைக்கிறது? பல சபைகளின் இணையதளத்தில் கட்டடத்தின் படம் இருக்கிறது. பொறுப்பாளர்களின் படம் இருக்கிறது. என்றோ முடிந்துபோன கிறிஸ்துமஸ் விழாவின் அழைப்பிதழும் இருக்கிறது. ஆராதனை எத்தனை மணிக்கு, தமிழிலா ஆங்கிலத்திலா என்பதைத்தான் காணோம்!

இணையதளம் சபையின் பெருமையைப் பொறிக்கும் கல்வெட்டல்ல; அது வாசல். வருகிறவருக்கு வேண்டியது முதலில் இருக்க வேண்டும். தாம்பரத்தை ரயில் பாதை கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிக்கிறது. கோயில் எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுதினால், முழங்கால் வலியோடு மின்சார ரயிலில் வரும் பாட்டி வீணாகப் படி ஏறி இறங்க வேண்டாம். சக்கர நாற்காலி போக வழி உண்டா என்பதையும் சொல்லலாம்.

"நேரில் வந்து கேட்கட்டுமே!" என்பார்கள் பெரியவர்கள். கூச்சமுள்ளவர் கேட்க மாட்டார். பத்து வருஷமாகக் கோயில் பக்கமே வராதவர் கேட்க மாட்டார். நள்ளிரவில் வீட்டில் சாவு நேர்ந்து, புது ஊரில் அடக்கத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று திகைத்து நிற்பவர் எங்கே போய்க் கேட்பார்? எடுத்துப் பேச ஆளுள்ள ஒரு தொலைபேசி எண், அவருக்கு நூறு புகைப்படங்களைவிட மேலானது.

மக்கள் மொழியில் பேசுவது சபைகளுக்குப் புதிதல்ல. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கச் சிறு நூல்தான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. அன்று ஒவ்வோர் எழுத்தையும் உலோகத்தில் வார்க்க வேண்டும். இன்று விரலால் தட்டினால் போதும். அப்படியிருந்தும் ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவது என்ன நியாயம்? தமிழ் அறிவிப்பைப் படமாக ஒட்டாமல் யூனிகோடு எழுத்தில் எழுதினால், தேடுகிறவருக்கு எளிதில் அகப்படும்; பார்வையற்றவருக்குச் செல்போனே வாசித்துக் காட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. தளத்தின் பெயரைச் சபையின் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். ஆர்வமுள்ள வாலிபர் ஒருவர் தம் பெயரில் பதிவு செய்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போனால், புதுப்பிக்க ஆளின்றி வாசல் அடைபட்டுவிடும். வாரந்தோறும் அறிவிப்பை மாற்றவும் ஒருவரை நியமிப்பது அவசியம்.

1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனரி மகாநாடு கூடியது. பல தேசத்தாரை வரவேற்ற ஊர் இது. நேற்றுக் குடிவந்த குடும்பத்திடம், "ஞாயிறு காலை இத்தனை மணிக்கு ஆராதனை; இந்தப் பக்கம் இறங்கி வாருங்கள்" என்று சொல்வது அதற்கு ஒரு பெரிய காரியமா?